வீட்டில் தொழில் ஏதும் நடக்கிறதா

"உங்கள் மகன் அன்று மதியம் இந்த வீட்டில் எதற்காக இருந்தான்?"

இதைக் கேட்டவர் ஒரு காப்பீட்டு நிறுவனம் சேதத்தை மதிப்பிட அனுப்பிய சர்வேயர். நான்கு வருடம் ஆகிறது. ஆங்கிலத்தில், மரியாதையாக, பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு இரண்டு முறை கேட்டார். முதல் முறை நான் ஒரு பொய் சொன்னேன். இரண்டாம் முறை வாயே திறக்கவில்லை. உண்மையில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. என்னைக் காப்பாற்றும் பதில் ஒன்று இருந்தது. அக்காவைக் காப்பாற்றும் பதில் ஒன்று இருந்தது. நடந்தது என்று ஒன்றும் இருந்தது. மூன்றும் வேறு வேறு.

அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். ஷார்ஜா முவைலாவில் ஆறாவது மாடியில், ஒரு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில், எங்களைப் போல வேலைக்குப் போகும் அம்மாக்களின் நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருந்தார். கிளினிக் மூடியதும் வேறு இடம் தேடாமல் பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் கணவர் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் டெக்னீஷியன். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் வீட்டில்.

கிளினிக்கை விட்டவர் அங்கிருந்த ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. ட்யூட்டி மாறும்போது ஒரு நர்ஸ், அடுத்து வரும் நர்ஸிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் எல்லாவற்றையும் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். அதை ஹேண்டோவர் என்பார்கள். அக்கா எங்களுக்கும் அதையே செய்தார். மாலை நான் மணியடித்தால், என் மகன் கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் நிலையில் வந்து நிற்பார். கை நீட்டினால் தரமாட்டார்.

"காலைல ரெண்டு இட்லி. ஒண்ணரை வயித்துக்குள்ள, அரை சோபாவுக்கு அடியில. பதினோரு மணிக்கு வெளிக்கு இருந்தான், கொஞ்சம் இளக்கம். மத்தியானம் அந்த மலையாளப் பாப்பா கையில கடிச்சிட்டான். பல்லு பதிஞ்சிருக்கு. அந்த அம்மா வந்ததும் இவன் பேரச் சொல்லித்தான் சொல்லுவேன். கேட்டுட்டீயளா?"

"கேட்டுட்டேன்க்கா."

அந்த ஒரு சொல் வந்த பிறகுதான் பிள்ளை என் கைக்கு மாறும்.

ஒருநாள் என் கணவர் கீழே வண்டியைச் சாலை ஓரத்தில் இரண்டாவது வரிசையில் நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். "அக்கா, போன்ல சொல்லுங்களேன். இவர் கீழ நிக்கறார், ஃபைன் போட்டுருவாங்க" என்றேன்.

"போடட்டும். நான் இதச் சொல்லாம விட்டா இவன் ராத்திரி வயித்தப் பிடிச்சிட்டு அழுவான். எதுக்குன்னு தெரியாம நீங்களும் கூட அழுவீய. அதுக்கு ஃபைன் பரவால்ல."

வண்டியில் ஏறியதும் கணவர், "என்ன, பிரசங்கம் முடிஞ்சதா?" என்றார்.

முதன்முதலில் அவர் வீட்டுக்குப் போனது நன்றாக நினைவிருக்கிறது. எனக்குப் பிரசவ விடுப்பு முடிய ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் ஐந்து வீடுகள் பார்த்திருந்தேன். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வோம், ஒரு கீறல் விழாது. அக்கா நாற்காலியைக்கூட நகர்த்திப் போடவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணு முதல்லயே சொல்லிடுதேன், தங்கச்சி. போன வருசம் என் கையில இருக்கும்போதே ஒரு பிள்ளைக்கு நெத்தி வெடிச்சிட்டு. கதவு முனையில. மூணு தையல். நான் அடுத்த பிள்ளைக்கு டயப்பர் மாத்திட்டு இருந்தேன். முனைக்கெல்லாம் இப்ப ரப்பர் ஒட்டியிருக்கு, பாருங்க. ஆனா அன்னைக்கு ஒட்டியிருக்கல."

நான் பயந்து எழுந்துவிட்டேன். லிஃப்டில் இறங்கும்போது இந்த வீடு வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து சேர்த்தேன். மற்ற ஐந்து வீட்டிலும் தையல் போட்டது உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியப்போவதில்லை, இங்கே தெரியும் என்பதுதான் காரணம். அது புத்திசாலித்தனமா, களைப்பா என்று பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அவர் சொல்வதெல்லாம் கேட்க இதமாக இருக்காது. கவினுக்கு ஒரு வயது ஆகும் முன் ஒரு மாலை, வழக்கம்போல் சாப்பாடு, தூக்கம் எல்லாம் சொல்லிவிட்டு நிறுத்தினார். பிறகு, "இன்னைக்கு என்னைய அம்மான்னு கூப்பிட்டான்" என்றார்.

அதுவரை அவன் வாயில் எந்தச் சொல்லும் வந்ததில்லை. நாங்கள் வீட்டில் காத்திருந்தோம்.

"மூணு தடவ கூப்பிட்டான். நான் திரும்பல. அவன் பாத்த பார்வை எனக்குக் கஷ்டமாப் போச்சு. ஆனாலும் திரும்பல."

"சரிக்கா" என்றேன். வண்டியில் ஏறி அழுதேன். கணவருக்குக் கோபம். "இதை எதுக்கு உன்கிட்ட சொல்லணும்? வாயை மூடிட்டு இருந்தா ரெண்டு நாள்ல நம்ம முன்னாடியே சொல்லிருப்பான். நாம சந்தோஷமா வீடியோ எடுத்திருப்போம்." அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை பிள்ளையைக் கொடுக்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை நான்.

இன்னொரு நாள் அலுவலகத்தில் மீட்டிங்கின் நடுவே போன். வெளியே ஓடி வந்து எடுத்தேன். "மத்தியான மருந்து குடுக்க மறந்துட்டேன். இப்ப மூணு மணி. இப்பக் குடுக்கவா, ராத்திரி டோஸோட விடவா? ஒங்க டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லுங்க." ஒரு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். அன்று எரிச்சலில் கேட்டேவிட்டேன்: "அக்கா, நீங்களே குடுத்திருக்கலாமே? எனக்கு எப்படித் தெரியப்போகுது?"

"ஒங்களுக்குத் தெரியாதுல்லா, அதான் போன் போட்டேன்" என்றார்.

இப்போது அந்தப் படிவத்துக்கு வருகிறேன்.

கவினுக்கு இரண்டரை வயது இருக்கும்போது, அக்கா வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் ஒரு சமையலறை தீப்பிடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் மாலையில் போய் இறங்கியபோது தீயணைப்பு வண்டிகள் நின்றிருந்தன. எந்தக் கட்டடம் என்று தெரியும்வரை, அந்த இரண்டு நிமிடம் நான் நானாக இல்லை. அன்றிலிருந்து அக்காவை நச்சரிக்க ஆரம்பித்தேன். வீட்டுக் காப்பீடு எடுங்கள். வாடகை வீடாக இருந்தாலும் எடுக்கலாம். உங்கள் பொருளுக்கும் பாதுகாப்பு, உங்கள் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு ஏதாவது சேதமானால் அதற்கும் பாதுகாப்பு. நான் ஒரு சரக்குக் கம்பெனியின் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். படிவம் நிரப்புவது என் பிழைப்பு. "கொண்டாங்க உங்க ஐடியை, பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்று அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் போனிலேயே நிரப்பினேன்.

எட்டாவதோ ஒன்பதாவதோ கேள்வி: இந்த வீட்டில் தொழில் ஏதும் நடக்கிறதா? ஆம், இல்லை என்று இரண்டு வட்டம்.

நான் சத்தமாகப் படித்தேன். அக்கா ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டார். "பிள்ள பாக்குதத எழுதணுமா?"

"அதெல்லாம் வேண்டாம்க்கா. தொழில்னா கடை, சலூன், தையல் மிஷின் போட்டு ஆள் வச்சுத் தைக்கிறது. நீங்க பிள்ளை பாக்கறீங்க, அவ்வளவுதானே."

"மாசம் காசு வாங்குதேனே."

"அது உதவிக்குக் குடுக்கறதுக்கா."

"நீங்க படிச்சவிய. ஒங்களுக்குத் தெரியும்" என்றார். 'இல்லை' என்ற வட்டத்தைத் தொட்டேன். கடைசியில் அவர் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து, போன் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு அப்போது உண்மையிலேயே தெரியாதா? இதைத்தான் என்னையே அடிக்கடி கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை பார்ப்பது தொழில் என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. அக்காவும் நினைக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் அது அக்கா வீடு, பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், அவ்வளவே. ஆனால் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்க அனுமதி வேண்டும் என்று அலுவலகத்தில் ஒருத்தி சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாடகை ஒப்பந்தத்தில் 'குடியிருப்புக்கு மட்டும்' என்ற வரியையும் பார்த்திருக்கிறேன். 'ஆம்' என்று தொட்டால் அடுத்து என்ன என்ன கேட்பார்களோ என்ற பயம் விரலில் இருந்தது. அறியாமை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஒரு மதியம் இரண்டு மணிக்கு மேல் போன் வந்தது.

"கவின் சுகமா இருக்கான். அத முதல்ல சொல்லிடுதேன். இனி மத்ததச் சொல்லுதேன், உக்காந்து கேளுங்க."

அக்கா பிள்ளைகளுக்குத் தன் ஊர்க் கடலைப் பற்றிக் கதை சொல்வார். கவின் குளியலறையில் ஒரு கடல் செய்யப் பார்த்திருக்கிறான். தண்ணீர் போய்விடக் கூடாது என்று தரையில் இருக்கும் வடிகாலைத் தன் துண்டால் மூடிவிட்டு, கைக்குழாயைத் திறந்து கீழே போட்டுவிட்டு, படகு எடுத்து வரக் கூடத்துக்குப் போனவன் அங்கேயே வேறு விளையாட்டில் இறங்கிவிட்டான். மலையாளப் பாப்பா வாந்தி எடுத்ததால் அக்கா சமையலறையில் அவளைக் கழுவிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் இருக்கலாம். வாட்ச்மேன் ஓடிவந்து கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. கீழ்வீட்டில் கூரைப் பலகை ஊறி இடிந்து சோபாவின் மேலும் டிவியின் மேலும் விழுந்திருந்தது. அந்த வீட்டில் ஒரு பாகிஸ்தானிக் குடும்பம். அந்த மனிதர் மேலே வந்து, நனைந்து நின்ற கவினைப் பார்த்துவிட்டு, "பச்சா ஹை, பாஜி. கோயி பாத் நஹீ" என்றாராம். குழந்தைதானே, பரவாயில்லை சகோதரி. அதோடு, "இன்ஷூரன்ஸ் ஹை நா?" என்று கேட்டாராம்.

இருக்கிறது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்த மாலை ஒரு அரை மணி நேரம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பாலிசியை முதன்முறையாக முழுதும் படித்தபோதுதான் அந்த நிபந்தனையைப் பார்த்தேன். வீட்டில் தொழில் நடந்தால், அது முன்பே சொல்லப்படவில்லை என்றால், எந்தப் பாதுகாப்பும் இல்லை.

சர்வேயர் வருவதாகச் சொன்ன நாளில் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கவினோடு காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். மற்ற மூன்று அம்மாக்களிடம் பிள்ளைகளை அன்று அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த நான்கு பெயர்களையும் உரித்தேன். நான்கு சின்ன மெத்தைகளையும் மடித்து அலமாரிக்குள் திணித்தேன். அக்கா தடுக்கவில்லை, உதவவும் இல்லை. மடியில் கைவைத்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நல்லா கேளுங்க. நாம குடும்ப நண்பர்கள். நான் அன்னைக்கு உங்களைப் பாக்க வந்தேன். கடைக்குப் போறப்ப கவினை இங்க விட்டுட்டுப் போனேன். அவ்வளவுதான்."

"நீங்க அன்னைக்கு ட்யூட்டியிலல்லா இருந்தீய."

"அது அவருக்குத் தெரியாதுக்கா."

"வாந்தி எடுத்தவ?"

"அவளும் தெரிஞ்சவங்க பிள்ளை. விருந்துக்கு வந்திருந்தா."

"நாலு பிள்ளையும் ஒரே நாளு விருந்துக்கு வந்தாவளோ. சமைச்சதோ ரசமும் அப்பளமும்" என்றார். சிரிக்கவில்லை.

"அக்கா, தயவு செஞ்சு. கிளைம் கெடைக்கலன்னா கீழ்வீட்டு சேதம் உங்க தலையில விழும். ஓனருக்குத் தெரிஞ்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்வார். எங்க நாலு பேருக்கும் நாளைக்குப் பிள்ளையை விட இடம் கெடையாது."

"தெரியும், தங்கச்சி."

சர்வேயர் நடுத்தர வயது மலையாளி. முதலில் என்னிடம்தான் கேட்டார். நான் ஒத்திகை பார்த்தபடியே சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. அவர் எழுதிக்கொண்டார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "சேச்சி, அன்னைக்கு என்ன நடந்தது?" என்றார்.

அக்கா எழுந்து நின்றார். இரண்டு கையையும் முன்னால் கோர்த்துக்கொண்டார். பேச ஆரம்பித்த முதல் சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஹேண்டோவர் குரல்.

"நாலு பிள்ளைய மாசச் சம்பளத்துக்குப் பாக்குதேன். காலைல ஏழுல இருந்து சாயங்காலம் ஆறு வர. அன்னைக்கு நாலு பேரும் இருந்தாவ. ஒரு பாப்பா வாந்தி எடுத்தா, அவளக் கழுவிட்டு நின்னேன். இந்தத் தங்கச்சியோட மவன் குளியலறைக்குப் போனத நான் பாக்கல. அது என் கவனக்கொறவு."

சர்வேயர் பேனாவை மூடிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. "சேச்சி, இதை நான் எழுதினா கிளைம் கிடைக்காது. கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. நான் ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்றார்.

அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததும் அக்காதான். கொடுத்துவிட்டுச் சொன்னார். "எழுதுங்க, சார். நடந்தது அதுதான்."

இருவரும் அளவெடுக்கக் குளியலறைக்குப் போனார்கள். ஏதோ பேச்சுக் குரல் கேட்டது. என்ன என்று காதில் விழவில்லை. கவின் என் காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, மெத்தை எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். திரும்பி வந்த சர்வேயர் என் எதிரே உட்கார்ந்து, நான் முன்பு சொன்னதை எழுதியிருந்த தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். "மேடம், இன்னொரு முறை கேட்கிறேன். உங்கள் மகன் அன்று மதியம் இந்த வீட்டில் எதற்காக இருந்தான்?" நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. என்னை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

கிளைம் மறுக்கப்பட்டது. கூரையைச் சரிசெய்யப் பணம் கேட்டபோது விஷயம் ஓனரின் அலுவலகத்துக்குப் போனது. குடியிருப்புக்கு மட்டும் என்ற வரியைக் காட்டி, ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். கீழ்வீட்டுச் சேதத்தில் பாதியை நாங்கள் ஏற்றோம். ஏன் பாதி மட்டும் என்று அக்கா கேட்கவில்லை. என் கணவரிடம் நான் கேட்டேன். "தண்ணி நம்ம பையன் திறந்தது, பாத்துக்க வேண்டியது அவங்க. பாதிப் பாதி" என்றார். கணக்குச் சரிதான் என்று அப்போது எனக்குப் பட்டது.

அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் மூன்று பேரும் கொதித்தார்கள். 'ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா கலாஸ், முடிஞ்சிருக்கும்.' 'இவங்க நேர்மைக்கு நம்ம வேலை போகணுமா?' 'படிவத்துல தப்பா எழுதிட்டு, இப்ப உண்மை பேசறாங்களாம்.' கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். படிவத்தை நிரப்பியது நான் என்று அவர்களுக்குத் தெரியாது; நானும் எதுவும் எழுதவில்லை. அந்தக் குழுவில் நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள் போலிருந்தது.

நிறுவனத்தின் கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் அக்கா அதைப் படித்துச் சொல்ல என்னிடமே கொடுத்தார். காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று படித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: படிவத்தில் தரப்பட்ட விவரங்களுக்குத் தாமே பொறுப்பு என்று பாலிசிதாரர் தெரிவித்துள்ளார்.

"அக்கா, படிவத்தை யார் நிரப்பினதுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாவ. குளியலறையில வச்சு."

"என்ன சொன்னீங்க?"

"கையெழுத்து என்னோடது, நான்தான் பொறுப்புன்னு சொன்னேன்."

"நான் நிரப்பினேன்னு சொல்லலையா?"

அவர் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டி, பல்லால் கடித்து அறுத்தார். "என் கையெழுத்துதான. அதுல பொய் இல்லியே."

இட்லி சோபாவுக்கடியில் போனதைக்கூட விடாதவர் அவர். என் மகன் அவரை அம்மா என்றதை என்னிடமே சொன்னவர். அவர் சொல்லாமல் விட்டது, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். அந்த இடத்தில் நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். நிறுவனத்துக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். முடிவு மாறியிருக்காது என்று கணவர் சொன்னார். மாறியிருக்காதுதான். அதற்காகச் சொல்லாமல் விட்டேனா என்றால், இல்லை. என் பெயர் எங்காவது எழுதப்படும், வேலைக்கு ஏதாவது ஆகும், விசாவுக்கு ஏதாவது ஆகும் என்று பயம். அக்கா என்மேல் இரக்கப்பட்டுத்தான் என் பெயரைச் சொல்லாமல் விட்டாரா, இல்லை, சொன்னாலும் இவள் ஒத்துக்கொள்ளமாட்டாள் என்று விட்டாரா? எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றும். சில நாள் முதலாவது என்று தோன்றும். அப்போது இன்னும் கஷ்டமாக இருக்கும்.

கடைசி நாளும் வாசலில் ஹேண்டோவர் இருந்தது. "தயிர்ச்சோறு முழுசும் சாப்பிட்டான். ஒறங்கல. நான் போறேன்னு அவன்ட்டச் சொல்லிட்டேன். அழுதான். கொஞ்ச நேரத்துல விட்டுட்டான். ஊருக்குப் போயிருக்கா, வருவான்னு நீங்க மாத்திச் சொல்லிறாதீய. கேட்டுட்டீயளா?"

"கேட்டுட்டேன்க்கா."

லிஃப்டில் அவன் மறுபடி அழுதான். "அக்கா அடுத்த வாரம் வந்துடுவாங்கடா" என்று சொல்லிவிட்டேன்.

அதன்பின் அவர்கள் கத்தாரில் தோஹாவுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். அக்காவின் கணவருக்கு அங்கே வேலை மாறியது. நான் ஒருமுறைகூடப் பேசவில்லை. பண்டிகை வாழ்த்து தட்டச்சு செய்து அழித்திருக்கிறேன்.

போன வாரம், தெரியாத கத்தார் எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. தமிழ்ப் பெண். எட்டு மாதக் குழந்தை. அக்காவிடம் விடலாமா என்று பார்க்கிறார். அந்தப் பெண் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: 'ஷார்ஜாவில் ஒரு பிரச்சினை ஆகி வீட்டைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது என்று அவர்களே சொன்னார்கள். முழுசாகக் கேட்டேன். நான் சொன்னால் என் பக்கமாகத்தான் இருக்கும், அந்தத் தங்கச்சியிடம் கேளுங்கள் என்று உங்கள் எண்ணைத் தந்தார்கள். அங்கே என்ன நடந்தது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வேலையில் சேர வேண்டும். அவர்கள் வீட்டுக்குக் காப்பீடு ஏதாவது எடுக்கச் சொல்லலாமா?'

கத்தாரில் ஞாயிறுதான் வாரத்தின் முதல் வேலைநாள். ஐந்து நாளாக அந்தச் செய்தி பதில் இல்லாமல் கிடக்கிறது. 'தைரியமாக விடுங்கள்' என்று ஒருமுறை எழுதி அழித்தேன். தண்ணீர், கிளைம், ஓனர் நோட்டீஸ் எல்லாம் எழுதி ஒருமுறை அழித்தேன். படிவத்தை விட்டுவிட்டு எழுதினால் அந்தப் பெண் அக்காவைத்தான் பொய்க் கையெழுத்துப் போட்டவர் என்று நினைப்பார். படிவத்தையும் சேர்த்து எழுதினால், அக்கா நான்கு வருடமாகச் சொல்லாமல் வைத்திருப்பதை நான் உடைக்கிறேன். அக்கா என் எண்ணைத் தந்தது நான் அதைச் சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தானா, அல்லது வேறு ஒன்றும் யோசிக்காமலா? அவரிடமே கேட்கலாம். அதற்கும் தைரியம் வரவில்லை.

வாடகை வீட்டில் பிள்ளை பார்ப்பவர்கள், அவர்களிடம் பிள்ளையை விட்டிருப்பவர்கள், காப்பீட்டுத் துறையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். இப்படிப்பட்ட வீட்டுக்குக் காப்பீடு எடுக்கும்போது பிள்ளை பார்ப்பதை ஒளிக்காமல் எழுத என்ன வழி, முதலில் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அந்தப் பெண்ணுக்கு அதையாவது சரியாகச் சொல்ல நினைக்கிறேன். இரண்டாவது, அவருக்கு நான் எழுதப்போகும் பதில். 'இல்லை' என்ற வட்டத்தைத் தொட்டது என் விரல் என்பதை அதில் முதல் வரியிலேயே எழுதட்டுமா? இன்று வியாழன்.